பிரம்பைக் கீழே வையுங்கள், பிள்ளையைக் கவனியுங்கள்!

(கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்திற்காக நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளைப் படித்துப் பார்த்தேன். சீட்டுகள் பல, கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். ‘மூன்று வயது மகன் எல்லோரையும் கடிக்கிறான்.' ‘நான்கு வயது மகள் கையில் கிடைத்ததையெல்லாம் எறிகிறாள்.' ‘கடைத்தெருவில் தரையில் விழுந்து புரளுகிறான், மானம் போகிறது.' ‘நர்சரிப் பள்ளியில் இந்தப் பிள்ளையை இனிமேல் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.' கேள்வியின் முடிவும் ஒன்றுதான். ‘அடித்தும் பார்த்துவிட்டோம், திருந்தவில்லை. வேறு என்ன செய்வது?'

அடித்தும் திருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதியை நாம் சேர்ந்து தேடுவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை கத்துவதும், உதைப்பதும், பிடிவாதம் பிடிப்பதும் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் செய்வதுதான். அந்த வயதில் ஆசை பெரிதாக இருக்கிறது. அதைச் சொல்ல வார்த்தை இல்லை. கோபத்தைக் கட்டுப்படுத்துகிற மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுமையாக வளர்ந்து முடிய இருபது வயதும் தாண்டிவிடுகிறது. நாற்பது வயதில் நம்மாலேயே அடக்க முடியாத கோபத்தை மூன்று வயதுப் பிள்ளை அடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆனால் சில பிள்ளைகளிடம் இது அளவு மீறிப் போகிறது. நாள்தோறும், பல தடவை, மற்றவர்களுக்கும் தனக்கும் காயம் உண்டாகும் அளவுக்குப் போகிறது. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கடைத்தெருவில் நடக்கும் பாடம்

பஜாரில் ஒரு தாய் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். பிள்ளை சாக்லேட் கேட்கிறான். ‘இல்லை' என்கிறார். அழுகிறான். ‘கிடையாது' என்கிறார். தரையில் விழுகிறான். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ‘இந்தா, தொலை' என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுகை சட்டென்று நின்றுவிடுகிறது.

இங்கே யார் எதைக் கற்றார்கள்? கேட்டால் கிடைக்காது, அழுதாலும் கிடைக்காது, விழுந்து புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றான். கொடுத்துவிட்டால் நிம்மதி என்று தாய் கற்றார். இருவருக்கும் அன்று கூலி கிடைத்துவிட்டது! நாளைக்கு இருவரும் இதையே செய்வார்கள்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியல் அறிஞர் இருந்தார். அவர் குடும்பங்களின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் அடுத்தடுத்து என்ன செய்கிறார்கள் என்று அப்படியே குறித்துவரச் செய்தார். அவற்றின் முடிவுகளை 1982-இல் நூலாக்கினார். இந்தக் கடைத்தெருக் கதைதான் அதன் சாரம். ஒருவரை ஒருவர் மிரட்டிப் பணியவைக்கிற ஒரு சுழல் அது. பிள்ளை கத்தினால் பெற்றோர் அதைவிடக் கத்துகிறார்கள். பெற்றோர் அடித்தால் பிள்ளை தம்பியை அடிக்கிறது. ‘அடியாத மாடு பணியாது' என்பார்கள் நம் பெரியவர்கள். மாடு பணிந்ததோ இல்லையோ, பலசாலி அடிக்கலாம் என்ற பாடத்தைப் பிள்ளை நன்றாகப் படித்துக் கொள்கிறது.

ஆகவே அடுத்த ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். பிள்ளை முரண்டு பிடித்த ஒவ்வொரு தடவையும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். நேரத்தையும் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஏழு நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஒழுங்கு தெரியும். எப்போதும் மாலை ஐந்து மணி. எப்போதும் பசி நேரம். எப்போதும் தங்கையை மடியில் வைத்திருக்கும்போது. எப்போதும் செல்போனைப் பிடுங்கும்போது.

ஷிப்டு வீடுகள்

நம் பகுதியின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை எழுதியவர்களுக்குப் பெத்திக்குப்பத்தையும் புதுகும்மிடிப்பூண்டியையும் தெரியாது.

ஒரே அறை, பக்கத்திலேயே சமையல். வரிசையாகப் பத்து வீடுகளுக்கு ஒரு குழாய். அத்தா இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்து படுக்கிறார். மதியம் மூன்று மணி வரை வீட்டில் சத்தம் கூடாது. ‘ஷ்ஷ்! அத்தா தூங்குறாங்க!' என்று அந்த மூன்று வயதுப் பிள்ளையை ஏழு மணி நேரம் அமுக்கி வைக்கிறோம். வெளியே விடலாம் என்றால் வாசலில் லாரி. ஆகவே கையில் செல்போனைக் கொடுக்கிறோம். மாலை நாலு மணிக்கு அத்தா எழுந்து வெளியே போனதும் பிள்ளை வெடிக்கிறது. ஏழு மணி நேரம் அடைத்து வைத்த பிரஷர் குக்கர் விசில் அடிக்காமல் என்ன செய்யும்? அதைத்தான் ‘சாயங்காலம் ஆனால் இவனுக்கு ஷைத்தான் பிடிக்கிறது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் ஒரு தாய்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து நமக்குப் பக்கத்து அறைகளில் குடியிருக்கிறார்களே, அவர்களின் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சுமை. தெருவிலும் பால்வாடியிலும் பேசும் மொழி புரியாது. கேட்கத் தெரியாத பிள்ளை பிடுங்கும். பதில் சொல்லத் தெரியாத பிள்ளை கடிக்கும். அந்தப் பிள்ளையை ‘முரடன்' என்று ஒதுக்காதீர்கள்.

வழி என்ன? பக்கத்தில் அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் 1982-இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தால், இரண்டு வயது முதல் மதிய உணவும் அங்கே உண்டு. ‘அது ஏழைகள் போகிற இடம்' என்று சொல்லி, கடன் வாங்கி இங்கிலீஷ் நர்சரியில் சேர்க்கிறோம். அங்கே மூன்று வயதுப் பிள்ளையை பெஞ்சில் உட்கார வைத்து, ஏ பி சி டி எழுதச் சொல்லி, வீட்டுப் பாடமும் கொடுக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், ‘அடங்காத பிள்ளை' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் பலர், உட்கார முடியாத வயதில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள்தாம். காலை நேரம் முழுவதும் ஓடி, பாடி, சோறு உண்டு வரும் பிள்ளை, அத்தாவின் தூக்கத்தையும் கெடுக்காது, மாலையில் வெடிக்கவும் செய்யாது.

தூக்கமும் முக்கியம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்கிறது. இரண்டாம் ஷிப்டு முடிந்து அத்தா வரும் வரை, இரவு பதினொன்றரை மணிக்கு விழித்திருந்து அவரோடு சாப்பிடுகிற பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை! பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் நடக்கும் ரகளைக்கு அந்த விழிப்பும் ஒரு காரணம்.

சொல்லும் விதம்

நாம் ஒரு நாளில் பிள்ளையிடம் பேசுகிற வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். ‘ஓடாதே, தொடாதே, கத்தாதே, கொட்டாதே.' எல்லாம் ‘ஆதே'தான்! என்ன செய்யக்கூடாது என்று பிள்ளைக்குத் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ‘ஓடாதே' என்பதற்குப் பதில் ‘அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு நட' என்று சொல்லிப் பாருங்கள். ‘பிடுங்காதே' என்பதற்குப் பதில், கையை நீட்டி ‘எனக்கும் தா' என்று கேட்கக் கற்றுக் கொடுங்கள். அமைதியாக இருக்கும் நேரத்தில் விளையாட்டாகப் பத்து தடவை பழக்குங்கள். சண்டை நடக்கும்போது கற்பிக்க முடியாது. வீடு எரியும்போது கிணறு வெட்ட முடியுமா?

விளையாட்டை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் முன்னறிவிப்புக் கொடுங்கள். ‘இன்னும் ரெண்டு தடவை சறுக்கு, அப்புறம் வீட்டுக்கு.' நமக்கே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாவிட்டால் பதற்றம் வருகிறதல்லவா?

பிறகு, நல்லதைப் பார்த்தவுடன் சொல்லுங்கள். இதில்தான் நாம் மகா கஞ்சர்கள். பிள்ளை கால் மணி நேரம் ஒழுங்காக விளையாடினால் ‘அப்பாடா' என்று நம் வேலையைப் பார்க்கிறோம்; கத்தினால் உடனே ஓடி வருகிறோம். கத்தினால்தான் அம்மா வருவாள் என்று அது கற்றுக்கொள்ளாதா? ‘நல்ல பிள்ளை' என்ற பொதுவான சொல்லும் போதாது. ‘தங்கச்சிக்கு பந்தைக் கொடுத்தியே, சூப்பர்' என்று நடந்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அப்போதுதான் எதற்காக இந்தப் புன்னகை என்று அதற்குப் புரியும்.

ஓர் எச்சரிக்கை. கத்தினாலும் சாக்லேட் கிடையாது என்று நீங்கள் உறுதியாக நிற்கத் தொடங்கும் முதல் சில நாட்களில் கத்தல் குறையாது, கூடும்! இதுவரை வேலை செய்த சாவி திடீரென்று திறக்காவிட்டால் நாமும் பூட்டைப் போட்டு உலுக்குவோம் அல்லவா? அந்த நாட்களில் நீங்கள் விட்டுக் கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று புதுப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். நன்னிமா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அம்மா மறுத்ததை நன்னிமா முந்தானையில் முடிந்து வந்து கொடுத்தால் கதை முடிந்தது.

அடித்துக் காயப்படுத்துகிற பிள்ளையை அப்படியே விட்டுவிடவும் சொல்லவில்லை. கையைப் பிடித்து நிறுத்துங்கள். ‘அடிக்க விடமாட்டேன்' என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். அடித்த பிள்ளை அமைதியான பிறகு பேசுங்கள். பூச்சாண்டி, போலீஸ், ஊசி என்று பயமுறுத்துவது வேண்டாம். ஊசி போட வேண்டிய நாளில் அந்தப் பொய்க்கான வட்டியை மருத்துவமனை வாசலில் கட்டுவீர்கள்.

மக்தபில் பிரம்பு

இதைச் சொல்லாமல் போனால் நான் வந்த வேலை முடியாது. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்' என்று நாமே பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வருகிறோம். பள்ளிக்கூடங்களில் மாணவரை அடிப்பதைத் தமிழக அரசு 2003-இல் கல்வி விதிகளைத் திருத்தித் தடை செய்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் 2012-இல் வந்த திருத்தப்படி அந்தச் சட்டம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் பொருந்தாது. அந்த விலக்கு நம் கல்வி உரிமையைக் காப்பதற்காக. பிரம்பைக் காப்பதற்காக என்று யாராவது நினைத்தால் அது தவறு. பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர் அதைத் துன்புறுத்தினால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு எங்கேயும் பாயும்.

சட்டத்தை விடுங்கள். சிறு வயதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி), பத்து ஆண்டுகளில் ஒரு தடவைகூட ‘சீ' என்ற சொல்லைத் தாம் கேட்டதில்லை என்று அறிவித்திருப்பதை மேடைதோறும் சொல்கிறோம். அதே மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிரம்பு எதற்கு? ஹஜ்ரத்மார்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஐம்பது பிள்ளைகளை ஒரே ஆளிடம் விட்டு, சொற்பச் சம்பளம் கொடுத்துவிட்டு, பொறுமையையும் எதிர்பார்க்கிறோம். சின்னப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, அரை மணி நேரத்திற்கு ஒரு தடவை எழுந்து ஓடவிட்டு, உதவிக்கு ஒருவரை வைத்துக் கொடுப்பது ஜமாஅத்தின் கடமை.

இரத்தத்தில் இருக்கும் காரணம்

இனி, கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்திக்கு வருகிறேன். எல்லாக் காரணமும் வளர்ப்பில் இல்லை.

இந்தத் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகள் இருக்கின்றன. பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தைப் பிரித்து உருக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும் நஞ்சு. பெரியவர்கள் உடலில் ஏறுவதைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் அதை ஈர்த்துக் கொள்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய இரண்டு ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். ஈயம் ஏற ஏற, ‘கவனம் சிதறுகிறவன், பொறுமை இல்லாதவன், சொன்னதைக் கேட்காதவன்' என்று ஆசிரியர் குறித்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஏறியது. அந்தப் பிள்ளைகள் அடி வாங்கியிருப்பார்கள்; பல்லில் இருந்த ஈயத்திற்காக அடி வாங்கியிருப்பார்கள்!

அமெரிக்கா நமக்குத் தூரம் என்பீர்கள். சென்னைக்கு வாருங்கள். சென்னைப் பள்ளிகளில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. நூறு மில்லி இரத்தத்தில் ஈயத்தின் சராசரி 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5 இருந்தாலே கவனிக்க வேண்டிய பிள்ளை என்று கணக்கிடுகிறார்கள்; அதைப் போல் மும்மடங்குக்கும் மேல் இது! ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளிடம் பதற்றமும், மற்றவர்களோடு ஒத்துப்போகாமையும், அமைதியின்மையும் அதிகம் என்று அவர்களின் ஆசிரியர்கள் நிரப்பிய படிவங்கள் காட்டின.

முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கெல்லாம் ஈயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் பேட்டரி உடைக்கும் இடத்துக்கு அருகில் குடியிருந்தால், அத்தாவுக்கு ஈய ஆலையில் வேலை என்றால், பிள்ளை சுவரைச் சுரண்டித் தின்கிறது என்றால், இரத்தத்தில் ஈயத்தைப் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்திற்குக் கடும் வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் நம் ஜன்னல்களில் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. பச்சைக் குழந்தையின் கண்ணில் சுர்மா தீட்டுகிறோமே, கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் பலவற்றில் ஈய சல்பைடு இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. குழந்தையின் கண்ணுக்கு அது வேண்டாம்.

இரும்புச் சத்துக் குறைந்த உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக ஈர்க்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சோகை தனியாகவே பிள்ளையைச் சிடுசிடுப்பாக்கும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் முட்டையும் நெல்லிக்காயும் இங்கே மருந்துக்குச் சமம்.

காது கேளாமையையும் மறந்துவிடாதீர்கள். ‘கூப்பிட்டால் திரும்ப மாட்டான், திமிர்' என்று சொல்லப்படும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கலாம். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை என்றால் ‘ஆண் பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்' என்று காத்திருக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து, வளர்ச்சித் தாமதம் உட்பட அனைத்தையும் பார்க்க வேண்டும். குழு வரும் நாளை அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளையோடு நீங்களும் போங்கள். நான் சொன்ன அந்த மூன்று கட்ட நோட்டையும் எடுத்துப் போங்கள். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேல் சிகிச்சைக்கு அங்கே பரிந்துரைக்கச் சொல்லுங்கள்.

(உரைக்குப் பின், ஈய ஆலையில் வேலை செய்யும் ஒரு சகோதரர், ‘அப்படியானால் நான் வேலையை விட்டுவிட வேண்டுமா? வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறானே!' என்று கேட்டார். அதற்கு அளிக்கப்பட்ட பதில்:)

வேலையை விடச் சொல்ல மாட்டேன். அந்தத் தூசியை ஆலையிலேயே விட்டு வாருங்கள். ஷிப்டு முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். கழுவும் இடமும் உடை வைக்கும் வசதியும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. உங்கள் ஆலையில் இல்லை என்றால் தனியாளாகக் கேட்காதீர்கள், ஷிப்டோடு சேர்ந்து கேளுங்கள். அது கிடைக்கும் வரை செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள். வேலை உடையைத் தனிப் பையில் போட்டுத் தனியாகத் துவையுங்கள். பிள்ளையின் துணியோடு ஊறவைக்க வேண்டாம். வீட்டைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். உங்கள் மகனிடம் இன்று இரவே சொல்லி வையுங்கள்: ‘அத்தா முதல்ல குளிப்பேன், அப்புறம் ஓடி வா, தூக்குறேன்.' முதல் இரண்டு மூன்று நாள் அழுவான். குளித்து முடித்தவுடன் தவறாமல் தூக்குங்கள். நான்காம் நாள், குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பான்.